உலகம்மாள் கடை வாசலில் நின்ற வண்டிகள்

மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த வருஷத்து ஆனி மாதம், குற்றாலத்துச் சாரல் காற்றிலேறி வந்து தார் ரோட்டை நனைத்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், செங்குளத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் இருந்த உலகம்மாளின் தையல் கடைக்கு நேராக ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கார் என்று இருந்தால் எங்காவது நிற்கத்தான் செய்யும். டிரைவர் இறங்கி முன்மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு விழித்தான், காருக்குள் இருந்த அம்மாள் தண்ணீர் கேட்டுக் கடைக்குள் வந்தாள், வந்தவள் ஜாக்கெட் கை பிடிக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னாள், உலகம்மாள் அந்த இடத்தில் நாலு தையலைப் பிரித்துவிட்டாள், அம்மாள் கையைத் தூக்கி இறக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு போய் ஏறினாள், சாவியைத் திருகினதும் கார் ஒரு குறையும் சொல்லாமல் கிளம்பி அருவிக்குப் போனது. மறுநாள் ஒரு டாக்டர் கார் நின்றது. அதற்கடுத்து மீன் வண்டி, பள்ளிக்கூட வேன், ஆளில்லாமல் திரும்பிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ். அந்த மாதம் முடிவதற்குள், கடையநல்லூருக்கும் தென்காசிக்கும் நடுவில் ஓடுகிற வண்டிகளில் உலகம்மாள் கடை வாசலில் ஒரு தடவைகூட நிற்காத கார் எது என்று கேட்டால், அது அவள் புருஷன் ஆவுடையப்பனின் நீலக் கார் ஒன்றுதான் என்று ஆகிப்போனது.

ஆவுடையப்பன் கார் மெக்கானிக். விலக்கில் இருந்து மேற்கே கொஞ்சம் தள்ளி, புளியமரத்துக்கு அடியில் அவன் ஷெட். நின்று நின்று ஓடுகிற வண்டிக்கு வைத்தியம் பார்ப்பதில் அந்த வட்டாரத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரேயடியாகக் கெட்டுப்போன வண்டியை எவன் வேண்டுமானாலும் சரிபண்ணுவான். இன்றைக்கு நின்று, நாளைக்கு ஓடி, நடுரோட்டில் மானத்தை வாங்கிவிட்டு, மெக்கானிக்கைக் கண்டதும் ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிற வண்டி இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். 'கம்ப்ளைன்ட் காட்ட மாட்டேங்குது' என்று மற்ற ஷெட்டுகளில் கையை விரித்துவிட்ட வண்டிகளெல்லாம் கடைசியில் அவனிடம்தான் வரும். அவன் அங்கங்கே வயரை ஆட்டிப் பார்ப்பான், தண்ணீர் தெளித்துப் பார்ப்பான், சூடேற்றிப் பார்ப்பான், இந்த வண்டிச் சாமானை அந்த வண்டியில் மாத்திப் போட்டுப் பார்ப்பான். முடிவில் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சாரைக் கழற்றி ஓனர் கையில் வைப்பான்.

"எஞ்சினைக் குத்தம் சொல்லாதிய அண்ணாச்சி," என்பான். "அது கண்ணு தெரியாத ஆளு. சென்சார் என்ன சொல்லுதோ அதைத்தான் நம்பும். இந்தச் சவத்துக்குச் சூடு ஏறுனா புத்தி கெட்டுரும். எஞ்சின் சுத்திக்கிட்டு இருக்கும்போதே, நீ சுத்தலன்னு சொல்லிரும். அதுவும் சரிதான்னு நின்னுரும். ஆறுனதும் இது மறுபடி உண்மை பேசும். பெறகு நீங்க என்கிட்ட கொண்டுவந்தா எங்க காட்டும்?"

அப்படிப்பட்டவனுக்குச் சொந்தப் பெண்டாட்டி கடை வாசலில் நிற்கிற வண்டிகள் பெரிய சவாலாக வந்து வாய்த்தன. ஷெட்டுக்குக் கொண்டுவந்தால் எல்லாம் சாமியார் மாதிரி இருந்தன. ஸ்கேனரை மாட்டினால் ஒரு கோளாறும் பதிவாகியிருக்கவில்லை. கடைசியில் அவன் ஓனரையே ஓட்டச் சொல்லிவிட்டு, ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினான். கடை வாசல் வந்ததும், எஞ்சின் சுற்றவே இல்லை என்று ஒரு சென்சார் சொன்னது. வண்டி வெகுநேரமாக இங்கேதான் நிற்கிறது என்று இன்னொன்று சொன்னது. இனிப் போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை என்கிற மாதிரி எல்லாமாகச் சேர்ந்து ஏதோ சொன்னன. எஞ்சின் நம்பிக்கொண்டு அடங்கியது. "ஒரே நேரத்துல எல்லாச் சவமும் சேந்து பொய் சொல்லுதே," என்று ஆவுடையப்பன் ஸ்கேனர்மேல் குனிந்து ஆச்சரியப்பட்டான். அதிலிருந்து கண்ணை எடுத்திருந்தால், கடைக்குள் தன் பெண்டாட்டி தையல் மிஷினில் இருந்து தலையை நிமிர்த்தி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பான். எடுக்கவில்லை.

ஊர் இதற்குப் பழகிய வேகத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். புது பஸ்கள் அங்கே நின்றதால், கண்டக்டர்கள் 'தையல் கடை, தையல் கடை, எறங்குறவங்க எறங்கு' என்று டிக்கெட் கிழிக்க ஆரம்பித்தார்கள். தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பிள்ளைத்தாய்ச்சிகள் பஸ்ஸை நம்பாமல் கடை வாசல் நிழலில் வந்து நின்றார்கள், நல்ல சீட்டுள்ள கார் நின்றதும் ஏறிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள், நின்றுபோன வண்டிக்காரன் எந்த முகத்தோடு மாட்டேன் என்பான், ஏற்றிக்கொண்டு போனான். டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள், சந்தைக்குக் கோழி கொண்டுபோகிறவர்கள், கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போகிறவர்கள் எல்லாம் அப்படியே போய்வந்தார்கள். கல்யாணக் கார் ஒன்று அங்கே நின்று, பெண்ணுக்கு ஜாக்கெட் கொக்கி தைத்துக்கொண்டு போய், அந்தப் பெண் பத்தாம் மாதமே பிள்ளை பெற்றுவிட்டதால், பிறகு எந்தக் கல்யாணக் காராவது நிற்காமல் கடந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுருங்கி, வண்டியைத் திருப்பி இன்னொரு தடவை வரச் சொன்னார்கள். சென்சார் என்ற பொருளே இல்லாத பழைய லாரிகளும் டிராக்டர்களும் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. லாரி டிரைவர்களுக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. 'நம்ம வண்டிக்கு மனசு இல்லடே' என்று எதிரே பீர்முகம்மது பாயின் டீக்கடையில் உட்கார்ந்து வருத்தப்பட்டுக்கொண்டார்கள். பாய் வடைச்சட்டியை இரட்டிப்பாக்கினார். பஞ்சாயத்துத் தலைவர் அந்த இடத்தில் ஒரு கூரை போட்டுத் தன் பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டார். ஏன் நிற்கிறது என்று கேட்டவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான். அவர்களிடம், மழை ஏன் பெய்கிறது என்று கேட்டால் என்ன சொல்வார்களோ அதே முகத்தோடு, 'நிக்கும், தண்ணி குடிச்சிட்டு எடுங்க, போயிரும்' என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள்.

விஷயத்தைக் கண்டுபிடித்து ஆவுடையப்பன் தலையில் போட்டவர் பீர்முகம்மது பாய்தான். கடைக்கு நேர் எதிரே நாளெல்லாம் டீ ஆற்றுகிறவர் கண்ணுக்குத் தப்புமா.

"ஆவுடை, எல்லா வண்டியும் நிக்கல கேட்டியா," என்றார், நாலு பேர் இருக்கும்போதே. "உன் வீட்டுல தங்கச்சி மிஷினை விட்டுத் தலைய நிமிந்து எந்த வண்டியப் பாக்குதோ, அந்த வண்டிதான் நிக்கி. குனிஞ்சு பட்டன் தச்சிக்கிட்டு இருந்தா, நீ கப்பலையே ஓட்டிக்கிட்டுப் போ, நிக்காது."

பெஞ்சில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. ஆவுடையப்பனுக்கு மட்டும்தான் தெரியவில்லை. டீ கிளாஸ் கையிலேயே இருந்தது, குடிக்க மறந்துபோனான். அவன் நீலக் கார் தினமும் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் அந்த வாசல் வழியாகத்தான் போகிறது. காலையில் போகிறது, மத்தியானம் சாப்பாட்டுக்கு வருகிறது, திரும்பப் போகிறது, சாயங்காலம் வருகிறது. ஒரு நாள், ஒரு நாள்கூட எஞ்சின் ஒரு தும்மல் தும்மினதில்லை. அப்படியென்றால் ஊரான் வண்டிக்கெல்லாம் நிமிர்கிற தலை, தாலி கட்டினவன் வண்டிக்கு நிமிரவில்லை. இதை அந்தப் பெஞ்சில் இருந்த எல்லோரும் கணக்குப் போட்டு முடித்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குப் பிடித்தது அவனுக்கு வயிற்றெரிச்சல். பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. அருவிக்குப் போகிற தொந்திக்காரன் மேல் பொறாமை, ஆம்புலன்ஸ் டிரைவர் மேல் பொறாமை, ரேஷன் அரிசி ஏற்றிக்கொண்டு வந்த வண்டியின்மேல் பொறாமை. ஸ்பானரைத் தேடுகிற சாக்கில், ஸ்பேர் வாங்கப் போகிற சாக்கில், ஒன்றுமே இல்லாத சாக்கில் டீக்கடைக்கு வந்து உட்கார்ந்து பார்த்தான். பாய் சொன்னது சத்தியம். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், தூரத்தில் ஒரு எஞ்சின் சத்தம் கேட்கும், உலகம்மாள் கால் மெதுவாகும், தலை நிமிரும், அவள் ரோட்டைப் பார்ப்பாள், வண்டி சொன்னபடி கேட்கிற மாடு மாதிரி வந்து நிற்கும். அந்தப் பார்வையை ஆவுடையப்பன் பார்த்தான். இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரே வீட்டில் இருக்கிறான், அப்படி ஒரு பார்வை அவளிடம் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு தெரிந்தது. அதுதான் அவனைப் போட்டு வதைத்தது.

அநேகமாகத் தினமும் நின்ற வண்டி ஒன்று உண்டு. சங்கரன்கோவிலில் இருந்து பிச்சிப்பூவும் மல்லிகையும் ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் புனலூருக்குப் போகிற பூ வேன். அதன் டிரைவர் ஞானதிரவியம் வாட்டசாட்டமான ஆள், இன்னும் கல்யாணம் ஆகாதவன், சட்டையை நன்றாகத் தேய்த்துப் போடுகிறவன். வேன் நின்றதும் இறங்குவான், தண்ணீர் குடிப்பான், ஒரு முழம் பூவைக் கடைக் கதவில் மாட்டிவிட்டுப் போவான். அந்தப் பூவை உலகம்மாள் தலையில் வைப்பதில்லை, வந்த பெண்களில் யாருக்காவது கொடுத்துவிடுவாள். அது ஆவுடையப்பனுக்கு ஆறுதலாக இல்லை. வைத்துக்கொள்ளாததால் ஏதோ மறைக்கிறாள் என்று தோன்றியது.

மறுவருஷம் ஆடி பிறந்த வாரம், சோற்றைப் போட்டுக்கொண்டே உலகம்மாள் சொன்னாள். "ராஜபாளையத்துல ஒரு கடை தோதா வந்திருக்கு. தங்கச்சி வீட்டு மாடியில இருந்துக்கிடுதேன். ஆடி போட்டும், ஆவணி பெறந்ததும் போறேன்."

"ஏன், இங்கன என்ன கொறை?"

"கொறைன்னு நான் சொன்னேனா?"

"எப்ப வருவ?"

"வந்தா வருவேன்," என்றாள். மோர் வேண்டுமா என்று கேட்டாள். அவன் வேண்டாம் என்று எழுந்து கை கழுவினான். ஆடிக் காற்று தகரத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் தன் கார் அவள் வாசலில் ஒரு தடவை நின்றுவிட்டால் அவள் போகமாட்டாள், நிற்காவிட்டால் போய்விடுவாள் என்று அவன் மனசு தானாக ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டது.

பிறகு அவன் செய்த காரியத்தை ஒரு மெக்கானிக் மட்டும்தான் செய்வான். பூ வேன் சர்வீசுக்கு வந்தபோது, அதில் இருந்த சென்சார்களையெல்லாம் காசில்லாமலே கழற்றிவிட்டுப் புதிது மாட்டிக் கொடுத்தான். ஞானதிரவியம் அண்ணாச்சியின் தாராள மனசை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். கழற்றினதை ஆவுடையப்பன் தன் நீலக் காரில் மாட்டினான். கோளாறு சாமானில் இருந்தால் சாமானோடு கூடவே வரும், அதுதான் தொழில் கணக்கு. மறுநாள் புதுச் சென்சார் மாட்டின பூ வேன் கடை வாசலில் வழக்கம்போல நின்றது. நீலக் கார் வழக்கம்போல நிற்காமல் போனது.

அவன் விடவில்லை. சூட்டில் பொய் சொல்கிறது, குளிரில் பொய் சொல்கிறது, மழையில் மட்டும் பொய் சொல்கிறது என்று அவனே கண்டுபிடித்துக் கழற்றிப் போட்டிருந்த சாமான்களைப் பழைய டப்பாக்களில் இருந்து பொறுக்கி எடுத்தான். வாழ்க்கை பூராவும் எதைத் தேடிப் பிடித்து எறிந்தானோ, அதையே துடைத்துத் துடைத்து மாட்டினான். ஊரிலேயே மோசமான வண்டி இப்போது அவனுடையது. அது ரயில்வே கேட்டில் நின்றது, ரேஷன் கடை முன்னால் நின்றது, மீன் மார்க்கெட்டில் நின்றது, சுடுகாட்டுப் பாதையில் நின்றது, பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசலில் நாலு தடவை நின்று அவர் சம்சாரம் என்ன நினைத்தாளோ வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். விக்கிக்கொண்டும் இருமிக்கொண்டும் புகை கக்கிக்கொண்டும் வருகிற அந்தக் கார், தையல் கடை நெருங்கும்போது மட்டும் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. டீக்கடைப் பெஞ்சு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கடைக்குள் உலகம்மாள் குனிந்து நூல் பாபின் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆடி முடியப்போவுது ஆவுடை," என்று பாய் ஒருநாள் மெதுவாகச் சொன்னார். பஸ்ஸில் போகிறவர்களுக்குக்கூட ராஜபாளையம் விஷயம் தெரிந்திருந்தது. உலகம்மாள் போய்விட்டால் வடைச்சட்டி என்ன ஆகும் என்ற கவலை அவருக்கும் உண்டு.

கடைசியில் வெட்கத்தை விட்டுத் துணிந்தான். கடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே யாருக்கும் தெரியாமல் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்து, காரை உருளவிட்டு, வாசலுக்கு நேராக நின்றதும் இறங்கி, முகத்தில் ஒரு ஆச்சரியத்தை ஒட்டவைத்துக்கொண்டு கடைக்குள் போனான். "ஏட்டி, வண்டி நின்னுட்டு," என்றான்.

உலகம்மாள் தலையைத் தூக்கவே இல்லை. "சாவியத் திருப்புங்க, போயிரும்," என்றாள். மிஷின் தொடர்ந்து ஓடியது. எதிரே பெஞ்சில் யாரோ இருமினார்கள். அவன் திரும்பி வந்து சாவியைத் திருப்பினான், போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் பூ வேனை ஷெட் முன்னால் மறித்துவிட்டான். சட்டை மடிப்புக் கலையாமல் இறங்கிய ஞானதிரவியத்தின் கையைப் பிடித்தான். பிடியில் நட்பு இல்லை.

"நேராவே கேக்கேன் வே. அவள ராஜபாளையம் போவச் சொன்னது நீதான?"

ஞானதிரவியம் கையை உதறவில்லை. "ராஜபாளையமா? எனக்குத் தெரியாது அண்ணாச்சி," என்றான். "நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. அவக நிமிந்து பாக்காவளே, அந்தப் பார்வை எனக்குள்ளது இல்ல. வேற ஆளை எதிர்பாத்து நிமிருதாவ. நான்னு தெரிஞ்சதும் அது அணைஞ்சு போயிரும். தெனமும் என் கண்ணு முன்னாலயே அணையுது. இருந்தாலும் அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்த ரோட்டுல வாரேன். சுரண்டை வழியா போனா எனக்குத் தூரம் கொறைவு."

"அப்ப எவனுக்குள்ள பார்வை அது?"

"எனக்குத் தெரிஞ்சா அவன் மேலயும் பொறாமைப்படுவேன். இப்ப உங்க மேலதான் படுதேன்."

"என் மேலயா?"

"நீங்க வீட்டுக்குப் போனா அவக இருக்காவளே அண்ணாச்சி," என்று ஞானதிரவியம் சொன்னான். வேனில் ஏறிக்கொண்டு, பூ வாடிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆவுடையப்பனுக்கு இதனால் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதுவரை பொறாமைப்பட ஒரு ஆள் இருந்தான், முகம் இருந்தது, சட்டை இருந்தது. இப்போது முகமே தெரியாத ஒருத்தன்மேல் பொறாமைப்பட வேண்டியிருந்தது. எவன் அவன்? ரோட்டில் போகிற ஒவ்வொருத்தனையும் அவனாக இருக்குமோ என்று பார்த்தான். வீட்டிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டில் அவர்கள் பேச்சு குழம்பையும் தண்ணீர் மோட்டாரையும் மகள் போன் போட்டாளா என்பதையும் தாண்டிப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. தூத்துக்குடிக்கு மகள் போன பிறகு அந்த மூன்றில் மகள் பேச்சு ஒன்றுதான் மிச்சம் என்கிற மாதிரி இருந்தது. புதிதாக ஒரு கேள்வியை அங்கே கொண்டுவந்து வைக்க இடம் இல்லை.

ஆடியின் கடைசி வாரத்தில் ஒருநாள், அவன் நீலக் காரில் இருந்த அத்தனை பொய்யான சாமானையும் கழற்றி எறிந்தான். நல்லதாகத் தேடி ஒவ்வொன்றாக மாட்டினான். ஸ்டார்ட் பண்ணினால் இருக்கிற இடம் தெரியாத மாதிரி ஓடியது. சாயங்கால வெயிலும் தூறலுமாகக் கலந்து விழுந்துகொண்டிருந்த நேரம், ஷெட்டைப் பூட்டிவிட்டு, கிழக்கே பார்த்து வந்தான். பஞ்சாயத்துக் கூரை தெரிந்தது, பாய் கடைப் புகை தெரிந்தது, தையல் கடைப் பலகை தெரிந்தது. இத்தனை வருஷமும் அந்த இடம் வந்ததும் அவன் கை தானாக ஆரன் அடிக்கத்தான் போகும், போனது, எடுத்துக்கொண்டான். பிறகு சாவிக்குப் போனது, அதையும் எடுத்துக்கொண்டான். பிறகு, ஒரு குறையும் இல்லாத வண்டியை, அவசரம் ஒன்றும் இல்லாத ரோட்டில், பிரேக்கை மிதித்து, கியரை எடுத்து, கைப்பிரேக்கைத் தூக்கி, ஊர் பார்க்க அவள் வாசலில் நிறுத்தினான். டீக்கடைப் பெஞ்சு எழுந்து நின்றது. 'நின்னுட்டு, நின்னுட்டு' என்று யாரோ கத்தினார்கள்.

அவன் கடைக்குள் போனான். வாடிக்கையாளர் பெஞ்சில் இரண்டு பெண்கள் அளவு ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். உலகம்மாள் கத்திரிக்கோலை வைத்தாள்.

"வண்டி நின்னுட்டா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று வாய்வரைக்கும் வந்தது.

"நிக்கல," என்றான். "நிறுத்தினேன்."

மிஷின் சக்கரம் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. உலகம்மாள் நிமிர்ந்தாள். டீக்கடையில் இருந்து திருட்டுத்தனமாகப் பார்த்த அந்தப் பார்வை, குறுக்கே ரோடு இல்லாமல், நேராக அவன்மேல் விழுந்தது. அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இரண்டு பெண்களும் நாங்கள் நாளைக்கு வருகிறோம் அக்கா என்று எழுந்து போய்விட்டார்கள்.

"எதுக்கு?" என்றாள்.

"ஒண்ணு கேக்கணும். யாரை எதிர்பாத்து நிமிருத?"

"யாரு நிறுத்துதான்னு பாக்கேன்," என்றாள். "இந்த வாசல்ல நின்ன வண்டி எம்புட்டோ. நிறுத்தின ஆளு ஒருத்தன் கிடையாது. அதுவா நிக்கி, எறங்குதாவ, தண்ணி குடிக்காவ, அதுவா கெளம்புது, போயிருதாவ. அந்தப் பூக்காரத் தம்பி தெனமும் வருது. ஒருநாள் நான் குனிஞ்சு இருந்தேன், வேன் நிக்கல, தம்பியும் நிறுத்தல. போயிட்டு. அன்னைக்கு நீங்க வந்தப்பகூட என்ன சொன்னிய? வண்டி நின்னுட்டுன்னுதான் சொன்னிய."

"என் வண்டிக்கு ஏன் நிமிரல?"

"நிமிரலையா?" அவள் குரல் முதல் தடவையாக ஏறியது. "கடை வச்ச நாள்லருந்து நிமிந்தேன். உங்க எஞ்சின் சத்தம் எனக்கு உறக்கத்துலயும் தெரியும். நிமிருவேன், ஆரன் அடிப்பிய, போயிருவிய. நாலு வேளையும் ஆரன். ஆரனுக்கு எம்புட்டு வருசம் நிமிருதது? மக போன பெறகு விட்டுட்டேன், கழுத்து வலிச்சிட்டு."

ஆவுடையப்பனுக்கு இத்தனை நாளும் வயிற்றில் எரிந்ததெல்லாம் முகத்துக்கு ஏறியது. அவன் எந்த முகம் தெரியாத ஆள்மேல் பொறாமைப்பட்டுச் செத்தானோ, அந்த ஆள் தினமும் நாலு தடவை ஆரன் அடித்துக்கொண்டு இதே ரோட்டில் போயிருக்கிறான். அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. பெஞ்சில் கிடந்த வெட்டுத்துணிகளைப் பொறுக்கி அடுக்கினான். வெளியே டீக்கடையில் சத்தம் அடங்கியிருந்தது.

"ராஜபாளையம் போவாண்டாம்," என்றான்.

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். "நின்னு நின்னு ஓடுத வண்டி உங்க ஷெட்டுக்கு வருது. ஒருநாள் நல்லா ஓடுதுன்னு உடனே சரியாயிட்டுன்னு ஓனர்கிட்ட குடுத்துருவியளா?"

"குடுக்க மாட்டேன்."

"பெறகு?"

"மழையிலயும் ஓட்டிப் பாக்கணும், வெயில்லயும் ஓட்டிப் பாக்கணும். ரெண்டுலயும் கம்ப்ளைன்ட் காட்டலன்னாத்தான் குடுப்பேன்."

"அப்ப மழையும் வெயிலும் வந்துட்டுப் போட்டும்," என்றாள் உலகம்மாள். "பெறகு சொல்லுதேன். இப்ப வெளிச்சத்தை மறைக்காம அங்கிட்டுத் தள்ளி உக்காருங்க."

அவன் தள்ளி உட்கார்ந்தான். கடையநல்லூர்ப் பக்கம் இருந்து பூ வேன் வருகிற சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் வேனைப் பார்க்கவில்லை, அவள் உச்சிவகிட்டைத்தான் பார்த்தான். சத்தம் நெருங்கியது, பூ வாசம் முந்திக்கொண்டு கடைக்குள் வந்தது, உலகம்மாள் பட்டனுக்குக் காஜா எடுப்பதில் குனிந்தே இருந்தாள். நாளைக்கு நிமிர்ந்துவிடுவாளோ என்று நினைத்ததும் அவன் வயிறு மறுபடியும் லேசாகக் காந்தத் தொடங்கியது. வேன் நிற்காமல் தென்காசிப் பக்கம் போனது.